பங்களாவின் இருநூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்கள்

பேரிகை முனீஸ்வரன் மேல் ஆணை. பாகலூர் மாதா மேல் ஆணை. ஜூஜுவாடி பள்ளிவாசல் மேல் ஆணை. மூன்று பக்கமும் கை நீட்டிச் சத்தியம் செய்துவிட்டதால், இந்த அத்தியாயத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஊரின் பெயரை மட்டும் குர்ரம்பள்ளி என்று மாற்றியிருக்கிறேன். மாற்றினேன் என்பதும் சத்தியம்.

என் பெயர் மணி. வயது எழுபத்தொன்று. ஒசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டெல்பின் துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். டெல்பின் என் பாஸ். முப்பத்தாறு வயது. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பத்து வருஷம் தரச் சோதனை பார்த்தவள். ஒரு நூல் பிசகினாலும் உருப்படியை எடுத்துச் சிவப்புக் கூடையில் போடுவதுதான் அங்கே அவள் வேலை. இப்போது மனிதர்களை அப்படிப் போடுகிறாள்.

திங்கட்கிழமை காலை குர்ரம்பள்ளி பங்களாக் கமிட்டித் தலைவர் முனிராஜ் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார். முகம் மட்டும் கறுத்திருந்தது.

"மேடம், பாத்திரம் திருடு போயிடுச்சுங்க."

"எவர்சில்வரா, பித்தளையா?" என்றேன். "போலீஸ் ஸ்டேஷன் கீழ் ரோட்டில இருக்கு. எங்களுக்குக் குறைஞ்சபட்சம் ஒரு பொணமாவது வேணும்."

"மணி சார்," என்றாள் டெல்பின். அவள் அப்படிச் சொன்னால் வாயை மூடு என்று பொருள்.

இங்கே பங்களாவின் சரித்திரத்தைச் சொல்லியாக வேண்டும். நூற்று இருபது வருஷத்துக்கு முன்னால் பட்டாளத்துக்குக் குதிரை வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த பென்னிங் என்ற துரை அதைக் கட்டினான். பதினாறு அறை. அதில் ஒன்று அவனுடைய குதிரைக்கு. அந்தக் குதிரை தினமும் துரையோடு மேஜையில் சாப்பிட்டது. காய்கறியில் உப்பு குறைந்தால் காலால் தரையைத் தட்டும். சமையல்காரர்கள் மூன்று பேர் அவமானம் தாங்காமல் வேலையை விட்டார்கள். அதில் ஒருவர் என் தாத்தாவின் சித்தப்பா.

குதிரை செத்தது. துரை கப்பலேறினான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் டாக்டர் பாக்கியராஜ் வாங்கினார். பக்கத்து முப்பது கிராமத்துக்கும் அவர்தான் பிரசவம் பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எழுபத்தொன்றாம் வருஷம், தான் சாவதற்கு ஒரு வருஷம் முன்னால், பங்களாவை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கூட்டம், எதுவானாலும் அங்கே நடத்தலாம்.

"ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாருங்க," என்றார் முனிராஜ். "ஊர்ல யாருக்குமே கதவு சாத்தக் கூடாது. சாத்துனா வீடு வாரிசுக்குத் திரும்பிடும்னு. இப்ப அந்த வாரிசு ரெக்ஸுன்னு ஒருத்தன், டாக்டரோட தம்பி பேரன், பெங்களூர்ல இருக்கறவன், கேஸ் போட்டிருக்கான். நாங்க கதவு சாத்திட்டோமாம். வெள்ளிக்கிழமை கோர்ட்டிலருந்து கமிஷனர் வந்து பாக்கறாரு. நாங்க சாத்தினதுக்கு ஆதாரம் இருந்தா அன்னிக்கே கேட்டுக்குப் பூட்டு."

"பாத்திரத்துக்கும் இதுக்கும் என்ன?" என்றாள் டெல்பின்.

"அதாங்க எங்க ஆதாரம்!"

குர்ரம்பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பங்களாவில் விசேஷம் நடத்துகிற குடும்பம், முடிந்ததும் ஒரு பாத்திரத்தைப் பொதுச் சமையலறைக்கு விட்டுவிட்டுப் போக வேண்டும். அதில் பெயர், விசேஷம், தேதி மூன்றும் வெட்டியிருக்க வேண்டும். நோட்டுப் புத்தகம் வைத்தால் கரையான் படிக்கும் என்று டாக்டர் ஏற்படுத்தியது. ஐம்பத்து நான்கு வருஷத்தில் சேர்ந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு. சொம்பு, தூக்கு, குண்டான், தாம்பாளம்.

"இருநூத்திப் பன்னெண்டு பேரு மேடம்! ரெட்டியாரு, கவுண்டரு, நாயுடு, ரெண்டு பாய் வீடு, நாலு கிறிஸ்டியன் வீடு. எல்லார் பேரும் இருக்குது. கதவு சாத்தினவங்க வீட்ல இத்தினி பேரு எப்பிடிங்க வரும்? ரெக்ஸுதான் ஆள் வச்சுத் தூக்கியிருக்கான்."

மதியம் பங்களாவுக்குப் போனோம். வாசலில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"சென்னம்மா பொண்ணு அருணாவுக்கு. ஞாயித்துக்கிழமை." முனிராஜ் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாத்திரம் கழுவறவ. காலனி. இந்த வாரம் ஒரு விசேஷமாவது நடக்கணும்னு எங்க லாயர் சொல்லிட்டாரு. எங்க ஆளுங்கதான் இப்ப எல்லாரும் ஒசூர் ஏசி மண்டபத்துக்குப் போயிடறாங்களே? பங்களா மூணு வருஷமா சும்மாத்தான் கிடக்குது. சரி, அவளுக்காவது குடுப்போம்னு குடுத்தோம்."

சென்னம்மாள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அறுபத்திரண்டு வயது. கைவிரல் நுனிகள் புளியும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து வெளுத்திருந்தன. சாவி அவளிடம் ஒன்று, தலைவரிடம் ஒன்று.

"எப்ப பாத்தீங்கக்கா காணோம்னு?" என்றாள் டெல்பின்.

"ஞாயித்துக்கிழமை காலைல. தெறந்தேன். இல்ல."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

டெல்பின் அலமாரியை விரலால் தடவினாள். விரலைக் காட்டினாள். சுத்தம்.

"மணி சார், ஐம்பது வருஷப் பாத்திரம் இருந்த அலமாரி. தூசியில வட்ட வட்டமா தடம் இருக்கணுமில்ல?"

"திருடன் துடைச்சுட்டுப் போயிருக்கான் பாஸ். கைரேகை விஷயம் தெரிஞ்சவன்."

"கைரேகைக்குத் துடைச்சவன் மூலை வரைக்கும் ஈரத் துணி போடுவானா? அடியில பேப்பர் மாத்தியிருக்கான் பாருங்க. அந்தப் பக்கம் பாருங்க."

மூலையில் பெரிய செப்பு அண்டா. நான்கு பேர் தூக்க வேண்டும். கடையில் போட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்தாலும் வராத எடை. துரை காலத்தது, பெயர் எதுவும் வெட்டாதது. அது அப்படியே இருந்தது, ஈரம் வடியக் கவிழ்த்து வைக்கப்பட்டு.

"செம்ப விட்டுட்டு டம்ளர எடுத்திருக்கான்," என்றேன். "கண்ணு சரியில்லாத திருடன்."

"கண்ணு ரொம்ப நல்லா இருக்கற திருடன். எழுத்து இருக்கறத மட்டும் எடுத்திருக்கான்." முனிராஜிடம் திரும்பினாள். "ஊருக்குள்ள தேடினீங்களா?"

"ஒரு வீடு விடலீங்க. நூத்தி எம்பத்தோரு வீடும் பூந்து அலசிட்டோம்."

"வெளிய பஞ்சாயத்து போர்டுல இருநூத்தி நாப்பத்தொண்ணுன்னு இருக்கே?"

"அது காலனியும் சேத்துங்க." முனிராஜ் சிரித்தார். "அங்கயும் விசாரிச்சோம். தெருமுனையில நின்னு சத்தம் போட்டுக் கேட்டோம். இல்லேன்னாங்க. உள்ள போற வழக்கம் இல்லீங்களே."

கம்பெனியில் டெல்பின் ஒரு உருப்படியை நீண்ட நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாளாம். அப்படி அவரைப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஜூஜுவாடி. கர்நாடக எல்லையில் லாரிகள் முடிவில்லாமல் நிற்கிற இடம். அங்கே ஒருமுறை நான் ஏறிய டவுன் பஸ் நெரிசலில் மாட்டி, அது நகர்வதற்குள் கண்டக்டருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. கௌஸ் மொய்தீன் அங்கே பழைய பாத்திரம் வாங்கி விற்கிறார். பெயர் வெட்டும் மெஷினும் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பாத்திரம் கை மாறினாலும் அவர் கடை வழியாகத்தான் போக வேண்டும்.

"குர்ரம்பள்ளி மால் ஏதும் வந்துச்சா பாய்?" என்றாள் டெல்பின்.

"விக்க யாரும் வரலம்மா."

"விக்க வரல. சரி. வேற எதுக்கு வந்தாங்க?"

கௌஸ் பாய் மெஷினை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

"இந்தப் பெரியவர் வாய் எப்படி?"

"சல்லடை," என்றாள் டெல்பின். "ஆனா நான் கூட இருக்கேன். சொல்லுங்க."

"ஒரு அம்மா வந்தாங்க. போன வாரம். மூணு பழைய பாத்திரம், வெறும் பாத்திரம், பேரு ஏதும் இல்ல. அதுல பேரு போடணும்னாங்க. எழுபத்தாறுன்னு ஒண்ணு, எம்பத்தொண்ணுன்னு ஒண்ணு, ரெண்டாயிரத்தி மூணுன்னு ஒண்ணு. அந்தந்த வருஷத் தேதி."

"போட்டீங்களா?"

"எப்பிடிம்மா போடறது? அந்தக் காலத்துல உளியும் சுத்தியலும் வச்சு புள்ளி புள்ளியாத் தட்டுவாங்க. மெஷின்ல போட்டா கோடு வழவழன்னு ஓடும். எழுபத்தாறுல ஏது மெஷினு? பாத்த உடனே காட்டிக் குடுத்துடும், வேணாம்மான்னேன். அப்ப இருக்கற பேர அழிக்க முடியுமான்னு கேட்டாங்க. அது என்கிட்ட முடியாதும்மான்னேன். அழல. அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல. போயிட்டாங்க."

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்தார். வெட்டச் சொன்ன பெயர்களின் பட்டியல். டெல்பின் படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"பாஸ், எனக்கு?"

"உங்களுக்கு டீ. நான் பாய்கிட்ட இன்னும் ஒண்ணு கேக்கணும்."

டீக்கடைக்குப் போனேன். டீ குடித்தேன். ஒரு போன் பேசினேன். இந்த அத்தியாயத்தில் நான் சுருக்கமாகச் சொல்கிற வாக்கியம் அதுதான்.

அங்கிருந்து காலனிக்குப் போனோம், பங்களாவிலிருந்து நானூறு அடி. டெல்பின் நேராக ஐந்தாவது வீட்டுக்குப் போய் நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "அக்கா, உள்ள வரலாமா?" என்றாள்.

சென்னம்மாள் வழி விட்டாள்.

ஒரே அறை. கட்டிலில் அருணா கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். சிப்காட்டில் போன் அசெம்பிளி செய்யும் பெண். எங்களைப் பார்த்ததும் எழுந்து அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். கட்டிலுக்குப் பின்னால் சுவரோரம் தார்ப்பாய். டெல்பின் அதைத் தூக்கவில்லை. தூக்கவும் தேவையில்லை. ஓரத்தில் ஒரு சொம்பின் வாய் தெரிந்தது. பளபளவென்று இருந்தது.

"திருடின பொருளை விளக்கி வச்ச ஒரே திருடி நீங்கதான்க்கா," என்றாள் டெல்பின்.

"அழுக்கா வைக்க மனசு வரல."

"டாக்டரோட கண்டிஷன் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு நானு எட்டு வயசு. பங்களா வாசல்ல நின்னு அவரே படிச்சாரு. எங்கள முன்னால கூப்பிட்டு உக்கார வச்சாரு. யாருக்காவது சாத்துனா வீடு உங்களுக்கு இல்லேன்னாரு." சென்னம்மாள் தார்ப்பாயை விலக்கினாள். "அவரு போனாரு. மறு மாசமே சாத்துனாங்க. எங்க அப்பா போய்க் கேட்டாரு. தேதி இல்லேன்னாங்க. எங்க அக்கா கல்யாணத்துக்கு, தேதி இல்ல. என் கல்யாணத்துக்கு, தேதி இல்ல. பெரிய பொண்ணுக்கு, தேதி இல்ல. முப்பது வருஷமா இதுங்கள கழுவறேன். இதுல எனக்குத் தெரியாத பேரு ஒண்ணு கிடையாது மேடம். எங்க பேரும் ஒண்ணு கிடையாது."

டெல்பின் சீட்டை எடுத்து நீட்டினாள். அதில் அந்தப் பெயர்கள் இருந்தன. அவள் அக்கா, அவள், பெரிய பெண். பங்களாவில் நடக்காத மூன்று கல்யாணங்கள், தேதியோடு.

"போடப் பாத்தேன். முடியல. அதான் எடுத்துட்டு வந்துட்டேன்."

"பாத்திரம் அங்க இருந்தா கமிஷனர் படிப்பாரு," என்றாள் டெல்பின் மெதுவாக. "உங்க பேரு இல்லேன்னு அவருக்கே தெரியும். பாத்திரம் இல்லேன்னா..."

"பந்தல் இருக்கும். அருணா பத்திரிகை இருக்கும். காலனிப் பொண்ணு கல்யாணம் இங்கதான் நடக்குதுன்னு பாத்துட்டுப் போயிடுவாரு. ஊரும் தப்பிச்சுக்கும். தப்பிச்சுக்கட்டும். எனக்கென்ன? ஞாயித்துக்கிழமை வரைக்கும் கதவு தெறந்திருந்தா போதும். எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி அந்த வாசப்படி ஏறி மாலையோட உள்ள போகணும். அம்புட்டுதான்."

"அம்மா, எனக்கு அந்த பங்களாவே வேணாம்னு எத்தினி வாட்டி சொன்னேன்?" என்றாள் அருணா. "கௌதம் வீட்லயும் கோவில்ல வச்சுக்கலாம்னுதான் சொன்னாங்க."

"உனக்கு வேணாம்டி. எனக்கு வேணும்."

டெல்பின் தார்ப்பாயைப் பழையபடி இழுத்து மூடினாள். நான் அவளோடு இருந்த ஆறு வருஷத்தில் முதல் முறையாக அவள் ஒரு பிசகான உருப்படியைக் கையில் எடுத்து, சரியென்று முத்திரை குத்தியதைப் பார்த்தேன்.

"மணி சார், இந்தக் கேஸ்ல நாம தோத்துட்டோம். பாத்திரம் கிடைக்கல. ஆபீஸ் போய் முனிராஜுக்குக் கடிதம் எழுதுங்க."

நான் சட்டைப் பையிலிருந்த போனைத் தொட்டுப் பார்த்தேன்.

தெருமுனையில் ஹாரன். மினி லாரி. பக்கத்தில் வெள்ளைக் கார்.

"மேடம்!" முனிராஜின் குரல் தெருமுனையிலிருந்தே வந்தது. "சூப்பர் மேடம்! மணி சார் போன் பண்ணாரு, மால் காலனியிலதான் இருக்குது, வண்டியோட வாங்கன்னு!"

எழுபத்தொரு வயதில் முதல் முறையாக பாஸுக்கு முன்னால் நான் கண்டுபிடித்திருந்தேன். ஈரத் துணி போட்ட அலமாரி, ஒரு அம்மா, ஆள் புகாத அறுபது வீடு. இரண்டும் இரண்டும் நான்கு என்று எனக்கும் கூட்டத் தெரியும் என்று யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. ஏன் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

டெல்பின் என்னைத் திட்டவில்லை. பார்த்தாள். சிவப்புக் கூடை எவ்வளவு ஆழம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முனிராஜ் தெருவுக்குள் வரவில்லை. "ஏய் சென்னம்மா! எல்லாத்தயும் இங்க எடுத்தாந்து வையி! கேஸ் முடியட்டும், உன்ன அப்புறம் பேசிக்கறேன்!" என்றார். அவருக்கு நாற்பத்தைந்து வயது. சென்னம்மாளும் அருணாவும் இருநூற்றுப் பன்னிரண்டு பாத்திரங்களையும் சுமந்து தெருமுனைக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஒரு குண்டானைத் தூக்கப் போனேன். அருணா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

"விடுங்க பெரியவரே. நீங்க செஞ்சது போதும்."

வெள்ளிக்கிழமை கமிஷனர் வந்தார். கமிட்டி பாத்திரங்களை மேடையில் படிப்படியாக அடுக்கி, மேலே சீரியல் பல்பு கட்டியிருந்தது. இன்னொரு முறை விளக்கி வைத்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ரெக்ஸின் வக்கீல் ஓரமாக நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அன்று வேலையே இல்லை.

கமிஷனர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரிசையிலிருந்து படித்தார். ஒரு மணி நேரம் படித்தார். முனிராஜ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயருக்கும் குலம் கோத்திரம் சொன்னார். பெருமையாகச் சொன்னார்.

கடைசித் தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கமிஷனர் கேட்டார்: "காலனிக் குடும்பங்கள் எந்த வரிசை?"

"எல்லாரும் இருக்காங்க சார்."

"எந்த வரிசை?"

"எல்லாரும்..." முனிராஜ் மேடையைப் பார்த்தார். அவர் பிறந்ததிலிருந்து பார்த்த பாத்திரங்கள். அன்றைக்குத்தான் படித்தார். "எல்லாரும் சார்..."

அப்போது சென்னம்மாள் முன்னால் வந்தாள். "எங்க பேரு ஞாயித்துக்கிழமை வரும் சார்," என்றாள். கமிஷனர் அவளைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். பத்திரிகையை வாங்கிப் படித்தார். பேனாவை மூடினார். "அந்தப் பெயரும் வந்த பிறகு எழுதுகிறேன்," என்று சொல்லி ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ரெக்ஸின் வக்கீலுக்கு விக்கல் வந்து, பெங்களூர் ரோட்டில் அத்திப்பள்ளி தாண்டும்வரை நிற்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை அருணா மாலையோடு வாசப்படி ஏறினாள். நூற்று எண்பத்தொரு வீடும் அறுபது வீடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தன. முனிராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரசம் ஊற்றினார். உப்பு குறைவு என்று ஒரு கிழவர் சொல்ல, மேல்மாடிக் குதிரை அறையில் யாரோ காலால் தரையைத் தட்டிய சத்தத்தை நானூறு பேர் கேட்டார்கள். கௌஸ் பாய் மெஷினை ஆட்டோவில் ஏற்றி வந்து செப்பு அண்டாவிலேயே 'அருணா - கௌதம்' என்று முழ நீளத்துக்கு வெட்டினார். டெல்பின் எனக்குத் தன் கையால் பாயசம் போட்டாள். சென்னம்மாள் அன்றைக்கு ஒரு பாத்திரமும் கழுவவில்லை.

கமிஷனர் வந்த அன்றைக்கே கேட்டில் பூட்டு விழுந்ததால், அருணாவின் கல்யாணம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சார்பதிவாளர் அலுவலகத்தில், வரிசையில் ஏழாவதாக நடந்தது.